தக்கை அசையவே இல்லே!

"உங்களுக்கு மீன் பிடிக்குமா?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் நாக்கைச் சப்புக் கொட்டுவோம். "மீன் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் அதே பாதிப் பேர் மார்க்கெட் இருக்கும் திசையைக் கை காட்டுவோம். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு தூண்டில் நீளம் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு காலைப் பொழுது முழுக்கக் குந்தியிருந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வேறு யாருமில்லை, எங்கள் குடும்பம்தான். பெரிசு, சிறிசு எல்லாம் சேர்த்து 17 பேர். 12 தூண்டில். ஐந்து மணி நேரம். மொத்த வரும்படி எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் ஜோக் பக்கத்துக்குத் தாவி விடுவீர்கள்!

இடம்: புதுச்சேரி மாநிலம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்.

'புதுச்சேரி' என்றதும் உங்கள் மனசு எந்தக் கடை வாசலில் போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து மேற்கே திருப்புங்கள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வில்லியனூர் வரும். அடுத்து கண்டமங்கலம், அது தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மறுபடி புதுச்சேரி. மதகடிப்பட்டு, இன்னும் புதுச்சேரிதான். அதைத் தாண்டினால் திரும்பத் தமிழ்நாடு. ஒரே டிக்கெட்டில் இத்தனை எல்லை தாண்டுகிற சுகம் வேறு எந்த ரூட்டில் கிடைக்கும்? 'கொம்யூன்' என்கிற வார்த்தை பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போனது. ஏரிகள் அவர்களுக்கும் ரொம்ப முன்னாலேயே இருந்தவை. மதகடிப்பட்டின் பேரிலேயே மதகு இருக்கிறது, பாருங்கள்.

இந்தப் பக்கத்துக்குத் தண்ணி கொடுக்கிற மகராசி சங்கராபரணி ஆறு. செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையில் கொஞ்சம் இளைப்பாறி, மண்ணாடிப்பட்டு வழியாக நடந்து கடலுக்குப் போகிறாள். அவளிடமிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் பிரிந்து ஊசுடு ஏரியை நிரப்புகிறது. அந்த ஊசுடு ஏரிக்குத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். 2008-லிருந்து அது பறவைகள் சரணாலயம். அங்கே நாரை மீனைப் பிடிக்கலாம். நீங்கள் பிடித்தால் வனத்துறை உங்களைப் பிடிக்கும்.

நாங்கள் போனது கொம்யூனுக்குள் இருக்கிற ஒரு சாதாரண பாசன ஏரி. பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அத்தனை பேரும் வந்து கரையில் குந்திவிடுவீர்கள். அப்புறம் எங்களுக்கு இடம்?

பங்காளியா, மாமன் மச்சானா?

2025-ம் வருஷம், ஜனவரி 16, காணும் பொங்கல். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர் என்று சிதறிப் போன எங்கள் ஆட்கள் மொத்தமாக ஊருக்கு வருவார்கள். வழக்கமாக வருவார்கள், சாப்பிடுவார்கள், டி.வி. முன்னால் தூங்குவார்கள், கரும்புக் கட்டோடு திரும்பிப் போவார்கள். இந்தத் தடவை மச்சான் ஒரு யோசனையோடு வந்திருந்தான். (மச்சான் என்றால் அத்தை மகன். சென்னையில் பேங்க் உத்தியோகம்.)

"மாப்ளே, ஃபிஷிங் டெர்பி வெக்கலாம்டா!"

டெர்பி என்றால் நமக்குக் கிண்டி குதிரைதான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் டெர்பி பிரபு பேரில் 1780-ல் எப்சம் மைதானத்தில் ஆரம்பித்த குதிரைப் பந்தயம் அது. பிற்பாடு பேர் பரவி, வெளிநாட்டில் எந்தப் போட்டிக்கும் டெர்பி என்று வைக்க ஆரம்பித்தார்கள். மீன் பிடிக்கிற போட்டிக்கும் அதே பேர். மச்சான் அதற்கென்றே ரீல் வைத்த தூண்டில் ஒன்றும், பிளாஸ்டிக் தவளை ஒன்றும் வாங்கி வந்திருந்தான். பெரியப்பா அந்தத் தவளையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத முழுங்கற மீன நாம சாப்டலாமா?" என்றார்.

அணி பிரிப்பதில் சிரமமே இல்லை. தமிழ்க் குடும்பங்கள் பிறக்கும்போதே அணி பிரிந்துதான் பிறக்கின்றன. ஒரு பக்கம் பங்காளிகள். கேப்டன் பெரியப்பா, வயது 74. எதிர்ப்பக்கம் மாமன் மச்சான். கேப்டன் அத்தையின் வீட்டுக்காரர், எங்கள் மாமா.

இங்கேதான் ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு கேப்டன்களும் பேசிக்கொண்டு ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆகியிருந்தது. காரணம் சொத்தோ, பாகப்பிரிவினையோ இல்லை. 2022 ஆவணியில் நடந்த ஒரு கல்யாணப் பத்திரிகை! அதில் 'அவ்வண்ணமே கோரும்' பட்டியலில் மாமா பேர் மூன்றாவது வரிசைக்கு இறங்கிவிட்டது. அச்சில் மூன்று வரி. மனசில் முப்பது மைல். அதற்கப்புறம் இரண்டு பொங்கல் சீர் வரிசையையும் அத்தை தனியாக வந்துதான் வாங்கிக்கொண்டாள். பிறந்த வீட்டில் ஒரு வாய் சோறு தின்னாமல் சாயங்கால பஸ் பிடித்துத் திரும்பிவிடுவாள். "அவரு ஒண்டியா இருப்பாரு" என்பாள். இந்தத் தடவை பேரப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்ததால் மாமாவும் வந்திருந்தார். வந்தாரே தவிர, திண்ணையோடு சரி.

போட்டி விதிகள் வருமாறு:

காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை. தூண்டில் மட்டும், வலை, ஊத்தா எதுவும் கூடாது. உள்ளங்கையை விடச் சின்ன மீன் திரும்பத் தண்ணிக்குப் போக வேண்டும். மொத்த எடையில் வெற்றி. தோற்ற அணி மீனை ஆய்ந்து, கழுவிக் கொடுக்க வேண்டும். (பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஆதரித்த விதி இது.) யார் எந்த இடத்தில் குந்துவது என்பது சீட்டுக் குலுக்கி.

சீட்டு மடித்தது அத்தை. குலுக்கியது அத்தை. எடுத்துக் கொடுத்ததும் அத்தை. பெரியப்பாவுக்கு நாலாம் நம்பர், மாமாவுக்கு அஞ்சாம் நம்பர் வந்தது. மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

முந்தின நாளே ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் போய் அனுமதி கேட்டிருந்தோம். "தூண்டில்தானே? போட்டுக்குங்க தம்பி. நான் விட்ட கட்லா, ரோகு, மிர்கால் மாட்டினா மட்டும் திருப்பி விட்ருங்க. நாட்டு மீனு, ஜிலேபி எல்லாம் உங்களுக்கே!" என்று தாராளமாகச் சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் மறுநாள் ஏழரை மணிக்குத்தான் விளங்கியது.

முதல் ரெண்டு மணி நேரம்

ஆறரைக்கு விசில். பன்னிரண்டு தக்கையும் தண்ணியில் விழுந்தன. ஏரி மேல் பனி புகையாக நின்றது. நீர்க்காகம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு எதிர்க்கரைக்குப் போனது. மண்புழு, மைதா உருண்டை, பரோட்டா மாவு என்று ஆளுக்கொரு இரை. பெரியப்பா கையில் பழைய மூங்கில் கழி, மயிலிறகுத் தண்டில் தக்கை. மாமா கையிலும் அதே. இடையில் ஆறடி இடைவெளி; அதில் ஒரு டீ ஃபிளாஸ்க்.

ஏழு மணி. தக்கை அசையவில்லை.

ஏழரை. அசையவில்லை.

எட்டு மணிக்குச் சித்தப்பா தக்கை மட்டும் ஆடியது. எல்லோரும் எழுந்து ஓடினோம். அவர் தும்மியிருக்கிறார்.

பொடிசுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தும்பி பிடிக்கப் போய்விட்டன. அண்ணி ஏரிக்கரையிலேயே ஊர்ப் பஞ்சாயத்து முழுவதையும் பேசி முடித்தாள். மச்சான் செல்போனைத் தட்டி, "அமெரிக்காவுல மினசோட்டான்னு ஒரு மாநிலம். அங்க 1991-லேர்ந்து ஒரு டெர்பி நடக்குது மாப்ளே. ஏரி மொத்தமும் ஐஸ் கட்டியா இருக்கும். அதுல இருபதாயிரம் ஓட்டை போட்டு, பத்தாயிரம் பேர் சுத்தி உக்காந்து தூண்டில் போடறான். மொதப் பரிசு ஒரு வண்டி!" என்றான்.

"எல்லாருக்கும் மீன் கெடைக்குதா?" என்றேன்.

"முக்காவாசிப் பேரு வெறுங்கையோடதான் போறானாம்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் வீட்லயே தூங்கியிருப்பேன்ல!" என்றார் சித்தப்பா.

நம் ஊரிலும் மீன் போட்டி இல்லாமல் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமெல்லாம் கோடையில் கண்மாய்த் தண்ணி வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், காத்திருக்கும் கூட்டம் ஊத்தா, கச்சா, வலை, வேட்டி என்று கையில் கிடைத்ததோடு இறங்கிவிடும். வற்றிய கண்மாயில் மீனுக்கு ஒளிய இடமில்லை. சாயங்காலம் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு மீன் குழம்பு மணக்கும். அது மீன் மாட்டிக்கொண்ட திருவிழா. எங்களது நாங்கள் மாட்டிக்கொண்ட திருவிழா.

முதல் மீனைப் பிடித்தது யார் தெரியுமா? அத்தை! எட்டே முக்காலுக்கு. உள்ளங்கையைத் தாண்டி ஒரு விரல் நீளமுள்ள ஜிலேபி. கரையே கை தட்டியது. பெரியப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, பக்கத்தில் இருப்பவர் யார் என்று ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார்.

ஏன் கடிக்கலே?

ஒன்பது மணிக்கு நான் பெரியப்பாவிடம் போய்க் குந்தினேன். "இன்னா பெரியப்பா, ஏரியில மீனே இல்லியா?"

"மீனு இருக்குடா. அதுக்குப் பசி இல்லே."

அவர் சொன்னதையும், பிற்பாடு மீன் வளர்ப்பு விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். தூண்டில் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

ஒன்று, குளிர். நமக்கு உடம்புச் சூடு எப்போதும் ஒரே மாதிரி. மீனுக்கு அப்படியில்லை. தண்ணி குளிர்ந்தால் அதன் உடம்பும் குளிரும்; செரிமானம் மந்தமாகும்; பசி குறையும். தை மாச விடியற்காலையில் இந்தப் பக்கம் 20 டிகிரி சுமாருக்கு இறங்கும். நாம் போர்வைக்குள் சுருண்டிருக்கிற நேரத்தில் மீன் மட்டும் எதற்குச் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்?

இரண்டு, மூச்சு. தண்ணிக்குள் இருக்கிற பாசியும் செடியும் பகலில் வெயிலை வாங்கி பிராணவாயுவை விடுகின்றன. ராத்திரியில் அவையும் அதையே உள்ளே இழுக்கின்றன. ஆக, பொழுது விடிகிற நேரத்தில்தான் தண்ணியில் பிராணவாயு ரொம்பக் கம்மி. அந்த நேரத்தில் மீன் ஓடியாடாது. வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் தெளியும். "காலங்காத்தால போனாத்தான் மீன் மாட்டும்" என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது.

மூன்று, நிறைந்த ஏரி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சங்கராபரணி பொங்கி ஓடியது. ஏரி கழுத்து வரை நிரம்பிவிட்டது. ஆனி, ஆடியில் ஒரு குட்டையாகச் சுருங்குகிற அதே ஏரி, தையில் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. மீன் அதே மீன்தான், வீடு மட்டும் பத்து மடங்கு பெரிசு. மூழ்கிய புல், புழு, பூச்சி என்று தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை வேறு. நம் முள்ளில் இருக்கிற காய்ந்த பரோட்டா மாவைத் தேடி வர அதற்கென்ன தலையெழுத்தா?

நான்கு, இதுதான் என்னை அசத்தியது. ஜிலேபி இருக்கிறதே (திலேப்பியா என்ற பேரை நம் ஆட்கள் இனிப்பாக்கிவிட்டார்கள்), அது ஆப்பிரிக்காக்காரன். 1952-ல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்றைக்கு நம் ஏரி குளம் எல்லாவற்றிலும் வாக்காளர் அட்டை வாங்காத குறை. அதில் தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும், ஆபத்து என்றால் அத்தனையும் அம்மா வாய்க்குள் ஓடிவிடும். அந்த நாட்களில் அவள் தீனி எடுப்பதில்லை. வாய் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே சாப்பிடுவது?

"அவ கடிக்க மாட்டா. பிள்ள வாயில இருக்கு" என்றார் பெரியப்பா, தக்கையைப் பார்த்தபடி. ஆறடி தள்ளி மாமா தலையை மெல்ல ஆட்டினார். அது எனக்காக ஆட்டினதா, அவருக்காக ஆட்டினதா என்று தெரியவில்லை. பேச்சு இல்லை, ஆனால் காது இருக்கிறது!

யார் வீட்டு மீன்?

பத்து மணிக்குக் குத்தகைக்காரர் கரையில் சைக்கிளை நிறுத்தினார். எங்கள் பறியை எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லியே, நாலு இருக்கே!" என்று ஆறுதல் சொன்னார். அதிலிருந்து பேச்சு அவருடைய தொழிலுக்குப் போனது.

ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப் பாட்டம்', 'மீன் பாட்டம்' என்று ஏரி மீனுக்கான வருமானம் வருகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுகளில், ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்று ஒரு தனிக் கமிட்டியே இருக்கிறது. அதற்கு ஆள் எடுத்ததும் சீட்டுக் குலுக்கித்தான், குடவோலை! (குலுக்கியது அத்தையாக இருந்திருக்காது என்று நம்புகிறேன்.) நம் காலத்துக்கு வந்தால், புதுச்சேரிப் பகுதியில் கணக்கில் உள்ள ஏரிகள் 84. அவற்றைத் தூர் வாரிச் சீர்படுத்த 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு ஒரு பெரிய திட்டம் வந்தது. விவசாயிகளே சங்கம் சேர்ந்து ஏரியைப் பார்த்துக்கொள்வது என்கிற ஏற்பாடு அதில் முக்கியம்.

குத்தகைக்காரர் விடுகிற கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே வடக்கத்தியர்கள், கங்கைக்காரர்கள். ஒரு காலத்தில் இவற்றின் குஞ்சு வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து ஆற்றில்தான் பொறுக்க வேண்டும். 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, ஊசி மருந்து போட்டு கெண்டை இனத்தைச் சினைக்கு வரவழைத்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் நாடு முழுக்கக் குஞ்சுப் பண்ணைகள் பெருகின. ஜூலை 10 இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினம். மூன்றையும் சேர்த்து வளர்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கட்லா மேல் மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மாடி வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. சண்டை வராது.

"பணம் போட்டு விட்ட மீனுக்கு நான் காவல் இருக்கேன். விரால், கெளுத்தி, உளுவை மாதிரி நாட்டு மீனுக்கு யாரு காவல்? அதுங்களே முட்ட போட்டு, அதுங்களே குஞ்ச காப்பாத்தினாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார் குத்தகைக்காரர். அந்த வார்த்தைக்கு அரை மணி நேரத்தில் சாட்சி வந்தது.

குங்குமம் கொட்டின தண்ணி

பத்தே முக்கால். நிலவரம்: பங்காளி அணி, மூன்று ஜிலேபி, ஒரு கெளுத்தி, 540 கிராம். மாமன் மச்சான் அணி, இரண்டு ஜிலேபி, ஒரு உளுவை, 410 கிராம். வித்தியாசம் 130 கிராம். எஞ்சியிருப்பது 45 நிமிஷம்.

சித்தப்பா பேத்தி, எட்டு வயசு, கோரைப் புல் ஓரத்திலிருந்து கத்தினாள். "தாத்தா! தண்ணி மேல குங்குமம் கொட்டிக் கெடக்கு!"

போய்ப் பார்த்தோம். அஞ்சாம் நம்பர் இடத்துக்கு நேர் எதிரே, கோரை மறைவில், தண்ணி மேல் ஒரு தட்டு அகலத்துக்குச் செக்கச் செவேல் என்று ஒரு பந்து. கொதிக்கிற மாதிரி புரண்டு கொண்டே இருந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! பிறந்த புதிதில் அந்த நிறத்தில்தான் இருக்கும். விராலுக்குக் காற்றை நேரடியாக உறிஞ்சி மூச்சு விட வேண்டும். அதனால் குஞ்சுகள் ஓயாமல் மேலே வந்து வந்து போகும். அந்தப் பந்துக்குக் கீழே, நிழலோடு நிழலாக, தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணி ஒருமுறை 'குபுக்' என்று வாய் பிளந்து மூடியது. கிலோ ஒன்றுக்குக் குறையாது என்று சித்தப்பா கண்ணாலேயே எடை போட்டார்.

இப்போது ஒரு ரகசியம். தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான். எந்த மீனும் கடிக்காத நாளில்கூட இந்த மீன் கடிக்கும். பசியால் இல்லை, கோபத்தால். குஞ்சுப் பக்கம் எது வந்தாலும், தவளையோ, பல்லியோ, பிளாஸ்டிக்கோ, பாய்ந்து அடிக்கும். ஜிலேபித் தாய் பிள்ளைக்காக வாயைத் திறக்க மாட்டாள். விரால் தாய் பிள்ளைக்காகத்தான் வாயைத் திறப்பாள். முள் அங்கேதான் காத்திருக்கும்.

மச்சான் ஓடிப் போய் ரீல் தூண்டிலை எடுத்து வந்து மாமா கையில் திணித்தான். நுனியில் பிளாஸ்டிக் தவளை பச்சையாகத் தொங்கியது. "அப்பா, போடுங்கப்பா! ஒரே போடு! ஜெயிச்சிட்டோம்!" மாமன் மச்சான் அணி முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. பொடிசுகள் மூச்சு விடவில்லை. விதியில் எங்குமே 'குஞ்சு வைத்த விராலைப் பிடிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கவில்லை. நானே எழுதிய விதிகள், எனக்குத் தெரியும்.

எங்கள் பங்காளி அணியில் யாரும் வாய் திறக்கவில்லை. தோற்கப் போகிறவன் தர்மம் பேசினால் யார் கேட்பார்கள்? பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022 ஆவணிக்கு அப்புறம் நேருக்கு நேராக முதல் தடவை.

மாமா தூண்டிலை ஓங்கினார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு நரம்பைச் சுருட்டி, தவளையைக் கழற்றி, மச்சான் சட்டைப் பையில் போட்டார்.

"தாய எடுத்துட்டா இந்தக் குஞ்சு அத்தனையும் மத்யானத்துக்குள்ள ஜிலேபி வயித்துல போயிரும்டா. ஒரு கிலோ மீனுக்கு நானூறு மீனக் கொல்றதா? விடு. வேற எடத்துல போடு."

"அப்பா... 130 கிராம்தான்பா!"

"தோத்தா மீன் கழுவணும், அவ்ளோதான? கழுவிக்கலாம்."

கரையில் சத்தமே இல்லை. மாமா அஞ்சாம் நம்பரில் திரும்ப வந்து குந்தி, மூங்கில் கழியைக் கையில் எடுத்தார். அப்போது நாலாம் நம்பரிலிருந்து ஃபிளாஸ்க் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியப்பா மூடியில் டீயை ஊற்றி, ஆறடி தூரத்துக்குக் கையை நீட்டினார்.

"மாப்ள... ஆறிடப் போவுது. குடிங்க."

மாமா வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மியா இருக்கு, மச்சான்" என்றார்.

"எனக்குச் சுகர். ரெண்டு வருஷமா."

"யாரும் சொல்லலியே!"

"யாரு வந்து கேட்டா?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசினதெல்லாம் சர்க்கரை மாத்திரை, நெல் விலை, புயலில் சாய்ந்த தென்னை. பத்திரிகை விவகாரம் வரவே இல்லை. மீன் நன்றாகக் கடிக்கிற நாளாக இருந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு, முள் கழற்றிக்கொண்டு, பக்கத்தில் யார் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு நாலே கால் மணி நேரம் இருவருக்கும் வேறு வேலையே இல்லாமல் போனது. ஆறடி தள்ளி இருக்கிற மனுஷனை எத்தனை நேரம்தான் பார்க்காமல் இருக்க முடியும்?

அத்தை மட்டும் கரைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கேட்டதற்கு, "கண்ணுல பூச்சி" என்றாள்.

முடிவும் மொத்த எடையும்

பதினொன்றரைக்கு விசில். கடைசி முக்கால் மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் மாட்டவில்லை. 540-க்கு 410. பங்காளி அணி வெற்றி! இரண்டு அணியும் சேர்த்து 950 கிராம். 17 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 56 கிராம் சுமார். அதில் முள் பாதி.

மாமா விதிப்படி வாசலில் சாம்பலும் அரிவாள்மனையுமாக மீன் ஆய உட்கார்ந்தார். பெரியப்பா பக்கத்தில் போய்க் குந்தி ஒரு ஜிலேபியை இழுத்துச் செதிள் சுரண்ட ஆரம்பித்தார். "ஜெயிச்சவங்க கழுவக் கூடாது, ரூல் இருக்கு!" என்று ஒரு பொடிசு ஆட்சேபித்தது. "போடா, ரூலு!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில். மார்க்கெட்டிலிருந்து மூன்று கிலோ மீன் வாங்கி வந்து சேர்த்துத்தான் குழம்பு வைத்தார்கள் என்ற உண்மையையும் இங்கே பதிவு செய்கிறேன். அத்தை அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் போகவில்லை.

நீங்களும் கிளம்பறதா இருந்தா...

ஆபீஸ், டிராஃபிக், டார்கெட் என்று அலுத்துப் போனவர்களுக்குச் சில யோசனைகள்.

முதலில் ஏரி யாருடையது, குத்தகை யார் என்று விசாரித்து அனுமதி வாங்குங்கள். சரணாலயம் என்றால் அந்தத் திசையே வேண்டாம். குளிர் மாதத்தில் ஆறரைக்குப் போய் விறைக்காதீர்கள். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் போங்கள். இரையைச் சின்னதாக வையுங்கள். மந்தமான மீன் பெரிய கவளத்துக்கு வாய் திறக்காது. ஒரே ஆழத்தில் தக்கையைக் கட்டிவிட்டுக் காத்திருக்காமல், மேல், நடு, அடி என்று மாற்றிப் பாருங்கள். நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கரையில் தனியே விடாதீர்கள். மழைக்குப் பிறகு ஏரி ஓரத்துப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கொக்கு, நாரை காலில் சுற்றிக்கொள்ளும்.

சிவப்புப் பந்தைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். எங்கள் போட்டியில் இப்போது அதுதான் முதல் விதி. எழுதச் சொன்னது பெரியப்பா. கீழே கையெழுத்து இரண்டு: முதல் வரிசையில் மாமா, அதற்கடுத்த வரிசையில் அவர்.